வாவிக்கரையில் தைல வர்ணம்: வெளியில் நின்று நிலக்காட்சி தீட்டப் பழகிய அனுபவம்

மட்டக்களப்பில் வெளியில் நின்று தைல வர்ணத்தில் நிலக்காட்சி தீட்டப் பழக விரும்புகிறவர்கள் என்னிடம் வந்தால், எந்த நிறுவனத்தின் வர்ணத்தை வாங்குவது, எத்தனையாம் இலக்கத் தூரிகை வேண்டும் என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது வெளிச்சத்தின் நேரத்தைப் பற்றி. நமது ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருப்பதால், சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே உதித்து, உதித்த கையோடு ஏறத்தாழ நேராக மேலே ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் 30 பாகை உயரத்தை நெருங்கிவிடுகிறது. வெளியில் நின்று தீட்டும் கலை வேரூன்றிய இங்கிலாந்திலும் பிரான்சிலும் கோடைச் சூரியன் அடிவானத்தோடு சரிந்துதான் ஏறும்; நீண்ட நிழலும் இளமஞ்சள் வெயிலும் அங்கே மணிக்கணக்காக நிற்கும். அத்தகைய நாடுகளில் எழுதப்பட்ட கைநூல்களையும் எடுக்கப்பட்ட காணொளிகளையும் பார்த்தே நாங்கள் பெரும்பாலும் பழகுகிறோம். அவற்றிலுள்ள நுட்பங்கள் நமக்கும் உதவும்; அவற்றின் கடிகாரம் நமக்கு உதவாது.

ஆகவே காலையில் ஆறேகாலுக்கு முன்பே ஈசலை, அதாவது பலகையைத் தாங்கும் முக்காலியை, நிறுத்திவிட்டு எட்டு மணியோடு தூரிகையைக் கழுவுவதையும், மாலையில் நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்குள் முடிப்பதையும் நான் வழக்கமாக்கிக்கொண்டேன். எட்டரைக்குப் பிறகு மரத்தின் நிழல் மரத்தடியை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும். வாவி வெளுத்துக் கண்ணைக் கூசும். வயலின் பச்சை வெளிறிப்போகும். சூரியன் உச்சிக்கு வரும் ஏப்ரல் முற்பகுதியிலும், ஆகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் முதல் வாரம் வரையும் நடுப்பகலில் தீட்டுவதற்கு நிழல் என்ற ஒன்றே இராது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடிய அளவு 8க்கு 10 அங்குலப் பலகைதான். பெரிய கன்வஸில் ஆசை உள்ளவர்கள் சிறு பலகைகளை வெளியில் தீட்டி, அவற்றைப் பார்த்து வீட்டில் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதுவும் பழைய, மதிப்பான வழிதான்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரையான வாடைக்காலத்தை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். மழைக்குப் பயந்து பலரும் வெளியில் இறங்காத காலம் அது. ஆனால் இரண்டு மழைக்கு நடுவே மேகம் மூடியபடி நிற்கும் வேளைகளில் வெளிச்சம் ஒரே சீராக நீண்ட நேரம் நிற்கும்; நிழல் ஓடாது; எது எதைவிட இருட்டு என்பதைப் பதறாமல் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெயில் காலத்தில் முக்கால் மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டியதை அந்த நாட்களில் ஆற அமர இருந்து கற்கலாம். ஒரு பெரிய கறுப்புக் குடையும், பலகையை மூட ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் இருந்தால் போதும்.

சாமான்களைப் பொறுத்தவரை குறைவாக எடுத்துச் செல்பவரே நீண்ட காலம் இதில் நிற்பார். 1841இல் ஜோன் கொஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை பெறும் வரை, அரைத்த தைல வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்து, ஊசியால் துளையிட்டுப் பிதுக்கித்தான் ஓவியர்கள் பயன்படுத்தினார்கள். துளைத்த பை விரைவில் காய்ந்துவிடும் என்பதால் அதை வெளியில் கொண்டு திரிவது பெரும்பாடாக இருந்தது. குழாய் வந்த பிறகுதான் சட்டைப்பையில் வர்ணத்தைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போக முடிந்தது. அந்த வசதியை இருபது குழாய்களைச் சுமந்து நாங்கள் கெடுத்துக்கொள்ளக்கூடாது. நான் கொண்டு போவது டைட்டேனியம் வெள்ளை, லெமன் மஞ்சள், யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அலிசரின் கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பு, அல்ட்ராமரின் நீலம் ஆகியவை மட்டுமே. கறுப்பு வேண்டியதில்லை; அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் வரும் இருள், குழாய்க் கறுப்பைவிட உயிருள்ளது, நீலம் கூடினால் குளிர்ந்தும் சியன்னா கூடினால் வெதுவெதுப்பாகவும் திரும்பக்கூடியது. வெள்ளைதான் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகத் தீரும் என்பதால் அதை மட்டும் பெரிய குழாயாக வாங்குவது நல்லது.

பலகைக்கு ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் ஹார்ட்போர்ட் போதும். அளவாக வெட்டி, வழுவழுப்பான பக்கத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, தூசியைத் துடைத்து, அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு தடவை பூச வேண்டும். பின்பக்கத்துக்கும் நான்கு ஓரங்களுக்கும் ஒரு தடவையாவது பூசாவிட்டால், நமது ஊர் ஈரக்காற்றை உறிஞ்சி மாரிகாலத்தில் பலகை வளைந்துவிடும். காய்ந்த வெள்ளைப் பலகையை அப்படியே வெளியில் கொண்டுபோனால் காலை வெயிலில் அது கண்ணைக் குத்தும். பர்ன்ட் சியன்னாவையோ ஓக்கரையோ மிக நீர்த்ததாகப் பூசித் துடைத்து, நடுத்தரமான ஒரு நிறத்துக்கு முன்பே கொண்டுவந்துவிட வேண்டும். வர்ணத்தை இளக்க டர்பன்டைன் வாங்கும்போது கடைக்காரர் தின்னரை எடுத்துத் தந்தால் வாங்கக்கூடாது. லாக்கர் வேலைக்கான தின்னர் மிகவும் கடுமையானது. அடியில் உள்ள வர்ணத்தையே கரைக்கும், மூச்சுக்கும் கேடு. முதற்பூச்சை டர்பன்டைனில் மெல்லியதாக இளக்கியும், மேற்பூச்சுகளை எண்ணெய் சற்றுக் கூடுதலாகவும் வைத்துக்கொண்டால் பிற்காலத்தில் வெடிப்பு வராது.

இடத்தில் போய் நின்றதும் வர்ணத்தைத் தொடுவதற்கு முன்னர் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். இமையைப் பாதி மூடினால் இலை, ஓலை, அலை எல்லாம் மறைந்து நான்கைந்து பெரிய இருள்-வெளிச்சத் திட்டுகள் மட்டும் எஞ்சும். அந்தத் திட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது மிக வெளிச்சம், எது மிக இருள் என்று வரிசைப்படுத்தி, முதல் பதினைந்து நிமிடத்துக்குள் பலகையில் அடைத்துவிட வேண்டும். வானம் மிக வெளிச்சம், அடுத்தது தரை, நிமிர்ந்து நிற்கும் மரம் மிக இருள் என்பது நூல்கள் சொல்லும் வரிசை. பெரும்பாலான நாட்களில் அது இங்கும் சரியாகவே இருக்கும். ஆனால் கல்லடிக் கடற்கரையில் காலை ஏழரை மணிக்கு மணல் வானத்தைவிட வெளிச்சமாக நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்; வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நின்று கிழக்கே வாவியைப் பார்க்கும்போது சூரியனுக்கு நேர் கீழே மினுங்கும் தண்ணீர், காட்சி முழுவதிலும் மிக வெளிச்சமான திட்டாகிவிடும். நூலில் உள்ள வரிசையை மனதில் வைத்துக்கொண்டு, அன்றைய வரிசையைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். இந்த வரிசை சரியாக அமைந்துவிட்டால் நிறம் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் படம் நிற்கும்.

வரிசையிட்டு வைத்த வெளிச்சத்தைப் பிறகு மாற்றாதிருப்பதுதான் கடினம். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அரை மணி நேரத்துக்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தால் நிழல் வேறோரிடத்தில் இருக்கும், இப்போது இருப்பது முன்பிருந்ததைவிட அழகாகவும் தெரியும். அதைத் துரத்தத் தொடங்கினால் ஒரே பலகையில் இரண்டு சூரியன்கள் வந்துவிடும். கல்லடியில் 1924இல் திறக்கப்பட்ட லேடி மனிங் பாலம் இதைப் பழக மிகச் சிறந்த இடம், ஏனென்றால் இரும்புச் சட்டங்களின் நிழல் பாலத்தின் உடலில் விழும் கோணம் வெளிச்சம் மாறுவதைத் துல்லியமாகக் காட்டிவிடும். முதலில் அந்த நிழல்களின் ஓரங்களை மட்டும் கோடாகக் கீறி வைத்துக்கொண்டு, பிறகு நிழல் எங்கே போனாலும் கீறியதை மட்டுமே நம்பித் தீட்டுவது ஒரு நல்ல பயிற்சி.

வாவி உள்ள ஊரில் தண்ணீரைத் தீட்டாமல் இருக்க முடியாது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வலையிறவுப் பாலத்தை அண்டிய கரையில் கண்ணா என்ற சதுப்புநில மரப் பற்றையொன்றின் முன்னே கட்டியிருக்கும் தோணியை எடுத்துக்கொள்வோம். தூரத்தில் உள்ள தண்ணீரை நாம் மிகச் சரிந்த கோணத்தில் பார்ப்பதால் அது வானத்தையே காட்டும். நம் காலடியை நெருங்க நெருங்கப் பார்வை நேராக இறங்குவதால் பிரதிபலிப்புக் குறைந்து, உள்ளே இருக்கும் சேற்றின் பழுப்பும் பாசியின் பச்சையும் மேலே வரும். ஆகவே ஒரே வாவிக்குப் பலகையின் மேற்பகுதியில் ஒரு நிறமும் கீழ்ப்பகுதியில் வேறொரு நிறமும் வேண்டும். இரண்டுக்கும் இடையே எங்கே மாறுகிறது என்று தேடிப் பிடிப்பதுதான் வேலை. கண்ணாவின் இருள் தண்ணீரில் விழும்போது சற்று வெளிச்சமடைந்தும், தோணியின் வெளிறிய பக்கப்பலகை தண்ணீரில் விழும்போது சற்று இருண்டும் தெரியும். தோணியைக் கட்டிய கம்பு நேராக நின்றால் அதன் பிம்பம் நேர் கீழே வரும். கம்பு நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் பிம்பம் கம்பைவிட நீளும்.

தீட்டும் ஒழுங்கும் இதையொட்டியே அமையும். பிம்பங்களை முதலில் மேலிருந்து கீழாக இழுத்து, ஓரங்களை உலர்ந்த தூரிகையால் மெதுவாகக் கலைத்து, அதன் பிறகே தட்டைத் தூரிகையின் விளிம்பால் இரண்டு மூன்று கிடைக்கோடுகளை, வானத்தின் நிறத்தில், பிம்பத்துக்குக் குறுக்கே இட வேண்டும். ஒரு நீர்க்காகம் மூழ்கி எழும்பினால் உண்டாகும் சுருக்கம் அந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்பதைக் காட்டித்தரும். கோடுகள் கூடினால் தண்ணீர் துணியாகிவிடும். போட்டதில் பாதியைச் சுரண்டி எடுத்தாலும் குற்றமில்லை. பெருவெள்ளத்துக்குப் பிறகு முகத்துவாரம் வெட்டப்படும் நாட்களில் வாவியின் மட்டமும் நிறமும் மாறிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். பால் விட்ட தேநீரின் நிறத்தில் ஓடும் அந்தத் தண்ணீருக்கு நீலம் கிட்டத்தட்டத் தேவையே இல்லை, ஓக்கரும் வெள்ளையும் சிறிது அலிசரினும் போதும்.

அடுத்தது வயலின் பச்சை. பெரும்போகத்து நெல்வயல் வெளிகளான வட்டைகளைத் தீட்டப் போகிறவர்கள் குழாயில் வரும் ஆயத்தப் பச்சையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. அது நெல்லின் நிறத்துக்கு எட்டாத குளிர்ந்த பச்சை. வெள்ளையைக் கூட்டினாலும் மஞ்சளைக் கூட்டினாலும் அதன் குணம் போகாது. லெமன் மஞ்சளில் அல்ட்ராமரினைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வரும் பச்சையைப் பர்ன்ட் சியன்னாவின் ஒரு துளியால் அடக்கினால் நெல்லுக்கு அருகே வரலாம். அதே வயல் சூரியனை நோக்கிப் பார்க்கும்போது ஒளி இலையை ஊடுருவி வருவதால் மஞ்சள் மின்னும். சூரியனை முதுகில் வைத்துப் பார்க்கும்போது இலையின் மேற்பரப்பு வானத்தைக் காட்டுவதால் நீலம் கலந்து மங்கும். காலையில் எந்தத் திசை பார்த்து நின்றோம் என்பதே பச்சையைத் தீர்மானிக்கிறது. வரம்புகள் இதற்குப் பெரிய உதவி: அருகில் உள்ள வரம்பின் செம்மண் நிறத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால், அதனருகே எந்தப் பச்சை பொருந்தும் என்று கண்ணே சொல்லிவிடும்.

மாசி மாதத்தில் வவுணதீவுப் பக்கத்து வட்டையொன்றில் தீட்டிக்கொண்டிருந்தபோது, வயற்காரர் ஒருவர் வரம்பில் வந்து நின்று நீண்ட நேரம் பலகையையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார். “மகள், இந்தப் பக்கம் இன்னும் பத்து நாளைக்குள்ள வெட்டுக்குப் போற வெள்ளாமை. அங்கால இருக்கிறது பிந்தி விதைச்சது, அத வேறயாத்தான் கீறியிருக்கீங்க” என்றார். “ஓம் ஐயா, அங்க பச்ச கொஞ்சம் நிக்குது” என்றேன். இரண்டு பாத்திகளுக்கும் இடையே நான் வைத்திருந்த வேறுபாடு ஓக்கரில் ஒரு சிறு கூடுதல் மட்டுமே. அதை அவர் ஒரு பார்வையில் படித்துவிட்டார். பச்சை சரியா என்று ஐயம் வந்தால் ஓவியரைத் தேடிப் போவதைவிட அந்த நிலத்தில் வேலை செய்கிறவரிடம் காட்டுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

தூரம் போகப் போக எல்லாம் நீலமாக மாறும் என்ற விதியும் இங்கே மாதத்தைப் பொறுத்தது. மாரி கழிந்த தெளிவான காலையில் கிரான் பக்கத்து வெளியில் நின்று குடும்பிமலையைப் பார்த்தால் அது அப்படியே நீலமாக இருக்கும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று தூசியைக் கிளப்பிக்கொண்டு வீசும் மாலைகளில் அடிவானம் மங்கிய மஞ்சளாகவும் வெள்ளையாகவும் மாறிவிடும்; அங்கே நீலத்தை வைத்தால் படம் வேறு நாட்டுக்குப் போய்விடும். மட்டமான நிலம் என்பதால் அடிவானக் கோட்டைத் தாழ்த்தி, பலகையின் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்குக் கொடுப்பதும் நமது பகுதிக்கு நன்றாகப் பொருந்தும். மேகங்களும் தூரத்தில் சிறுத்து நெருங்கும்; தலைக்கு மேலே பெரிதாக, விலகி நிற்கும்.

காற்று, மணல், பூச்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈசலின் நடுவில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டால் சாயாது. ஈர வர்ணத்தில் ஒட்டும் மணலையும் பூச்சியையும் அப்போது தொடாமல், காய்ந்த பிறகு தட்டிவிட வேண்டும். பலகையில் நேர் வெயில் விழக்கூடாது. விழுந்தால் வர்ணம் பிரகாசமாகத் தெரிந்து, நாம் அளவுக்கு மீறி இருட்டாகத் தீட்டி, வீட்டில் கொண்டுவந்து வைக்கும்போது படம் கருகித் தெரியும். நிறக் குடையும் நிறச் சட்டையும் பலகையில் சாயம் அடிக்கும் என்பதால் சாம்பல் அல்லது கறுப்பு உடுப்பே நல்லது. பாலம், கோட்டை, காவல் நிலை போன்றவற்றின் அருகே தீட்டுவதற்கு முன் அங்குள்ளவர்களிடம் சொல்லிவிட வேண்டும். படுவான்கரையின் உட்பகுதிகளிலும் அம்பாறையின் வயல்வெளிகளிலும் மாலையில் தீட்டப் போகிறவர்கள், யானை இறங்கியிருக்கிறதா என்று வயற்காரரிடம் கட்டாயம் விசாரித்து, இருட்டுவதற்கு முன் கிளம்பிவிட வேண்டும். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது.

ஒவ்வொரு பலகையின் பின்னாலும் நாள், மணி, காற்று, பார்த்த திசை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கத்தை ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1821, 1822ஆம் ஆண்டுகளில் இலண்டனுக்கு அருகே ஹாம்ஸ்டெட்டில் அவர் தைல வர்ணத்தில் தீட்டிய மேகச் சிற்றோவியங்கள் பலவற்றின் பின்புறத்தில் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்திருந்தார். வாடை, கொண்டல், கச்சான் என்று நான் எழுதிவைத்தவற்றை ஓராண்டு கழித்து அடுக்கிப் பார்த்தபோது, எந்தக் காற்றில் எந்த வானம் வரும் என்பது எந்த நூலிலும் கிடைக்காத அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சம் மாறியதும் வேறு கன்வஸை எடுக்கும் பிரெஞ்சு ஓவியர் மொனேயின் முறையும் நமக்கு ஏற்றது. 1890, 1891இல் வைக்கோற்போர்களை அவர் அப்படித்தான் தீட்டினார். இரண்டு பலகைகளைக் கொண்டுபோய், ஏழு மணி வரை ஒன்றிலும் அதன் பிறகு மற்றொன்றிலும் தீட்டி, முடியாததை மறுநாள் அதே நேரத்தில் தொடரலாம்.

ஈரப் பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவர, இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை இடையில் செருகி, கவ்விகளால் இறுக்கினால் வர்ணம் ஒட்டாது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை உள்வாங்கி இறுகுகிறது. அந்த வேளையில் வெப்பமும் வெளிவரும் என்பதால், எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். தகர டப்பாவில் தண்ணீர் விட்டு, துணியை அதில் அமிழ்த்தி மூடிவைக்க வேண்டும், அல்லது வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிட வேண்டும். பாவித்த டர்பன்டைனை வாவியிலோ கிணற்றடியிலோ ஊற்றவே கூடாது. போத்தலில் ஓரிரு நாள் விட்டால் வர்ணம் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை மறுபடியும் பாவிக்கலாம். மாரிகாலத்தில் படங்கள் காய நாட்பிடிக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். இருட்டான அலுமாரிக்குள் வைத்தால் எண்ணெய் மஞ்சளாகும் என்பதால், நேர் வெயில் படாத, காற்றோட்டமும் பகல் வெளிச்சமும் உள்ள சுவரோரமே பொருத்தமான இடம். வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். தடிப்பாகப் பூசிய படத்துக்கு ஓராண்டு.